பெரிய வெள்ளியில் யாருக்காக அழுகிறோம்?

பெரிய வெள்ளி பின்னேரம் வழிபாடு முடிந்த பிறகு எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பெண்ணின் குரல் கேட்கும். ஆண்டவரின் மரச் சுருவத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, ஆசந்தியில் கிடத்தி, வெள்ளைத் துணியால் மூடியிருப்பார்கள். பக்கத்தில் வியாகுல மாதாவின் சுருவம் நிற்கும். கடற்காற்றுக்கு மெழுகுதிரிகள் நூர்ந்து நூர்ந்து எரியும். அப்போது என் பெரியம்மா முன்வரிசையிலிருந்து எழுந்து, மகனைப் பறிகொடுத்த தாயின் புலம்பலைப் பாடத் தொடங்குவார். ஒலிவாங்கி கொடுத்தாலும் வாங்கமாட்டார். பாடி முடிக்க அரை மணித்தியாலம் எடுக்கும். அதுவரை ஒருவரும் எழும்பிப் போகமாட்டார்கள்.

பெரியம்மாவுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. 1995 இடப்பெயர்வில் ஊரை விட்டுப் போய், வன்னியில் பதினான்கு வருடங்கள் இருந்து, மெனிக்பாம் முகாம் வழியாக 2010இல் திரும்பி வந்தவர். திரும்பி வந்தபோது அவருடைய இளைய மகன் அவருடன் இல்லை. 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகல் பக்கத்தில் சனத்தோடு சனமாக நின்றவனைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

2020ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று கொரோனா ஊரடங்கால் கோயில்கள் பூட்டப்பட்டிருந்தன. அடுத்த நாள் தொலைபேசியில் பேசும்போது, “நேற்று வீட்டில பாடினீங்களோ பெரியம்மா?” என்று கேட்டேன்.

“இல்லைப் பிள்ளை. கோயில்ல பாடேக்க அது மாதாவின்ர பிள்ளைக்கு. வீட்டில, அவன்ர படத்துக்கு முன்னால நிண்டு பாடினா அது என்ர பிள்ளைக்கு எண்டு வந்திடும். அவன் செத்திட்டான் எண்டு நானே சொன்ன மாதிரிப் போயிடும்.”

மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லிப் பலர் கேட்டும் மறுத்து வருகிற ஒரு தாய் அவர். அவரால் தன் மகனுக்காக ஒப்பாரி வைக்க முடியாது. ஆனால் அழாமலும் இருக்க முடியாது. வருடத்தில் ஒரு நாள், இன்னொரு தாயின் மகனுக்காக எல்லோர் முன்னிலையிலும் குரலெடுத்து அழ அவருக்கு ஓர் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தை அவருக்குத் தந்தது ஒரு பாட்டு.

இசையும் கூத்தும் நடனமும் சுருவங்களும் எங்கள் கோயில்களில் என்ன வேலை செய்கின்றன என்பதை அன்றுதான் நான் யோசிக்கத் தொடங்கினேன். அதுவரை அவற்றை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது ஆற்றுவோர், பார்ப்போர் என்று பிரித்துப் பார்க்கப் பழக்கினார்கள். மேடையில் ஒருவர், கீழே பலர். பெரியம்மாவின் பாட்டுக்கு இந்தக் கணக்குச் சரிவரவில்லை. அங்கே பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு ஆளை நினைத்து அந்தப் பாட்டுக்குள் போய்விடுகிறார்கள்.

புலம்பல் கோயிலுக்குள் வந்த கதை

இந்தப் பாடல் மரபு நேற்று வந்ததல்ல. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்தனர். குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது வருடங்களுக்குப் பிறகு, 1687இல், கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து சேர்ந்தார். சில்லாலையை மையமாகக்கொண்டு இரவு வேளைகளில் மறைவாக மக்களைச் சந்தித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் வைத்துப் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தவர் இவரே.

குருக்கள் எப்போதாவது மட்டுமே வந்துபோகக்கூடிய ஒரு காலத்தில் ஊர்மக்களே செபத்தை நடத்த வேண்டியிருந்தது. மூப்பரும் அண்ணாவியும் சனத்தைக் கூட்டிச் செபித்தார்கள். இன்று கூத்துப் பழக்குகிறவரை அண்ணாவியார் என்கிறோம். அன்று மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தவருக்கும் அதே பெயர்தான். படிப்பிக்கிறவரும் பாடுகிறவரும் ஆட்டுவிக்கிறவரும் ஒரே சொல்லுக்குள் இருந்தார்கள் என்பது தற்செயலாக நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளும் கோவாவைச் சேர்ந்தவர். தமிழையும் சிங்களத்தையும் கற்று இரண்டு மொழிகளிலும் நூல்கள் எழுதினார். 1742இல் போலவத்தையில் இறந்தார். இயேசுவின் பாடுகளைத் தமிழில் சொல்லும் அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகத்தோடு வாசிப்பதற்கானது. குரு இல்லாத ஊரிலும் எழுத்துத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். அவர் வாசிக்க, சனம் முழங்காலில் நின்று கேட்கும். எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் கேட்டுக் கேட்டே மனப்பாடமாக்கிக் கொண்டார்கள்.

இது ஏன் எங்கள் மண்ணில் வேர்பிடித்தது? செத்தவீட்டில் பெண்கள் ஒப்பாரி சொல்லி அழுகிற வழக்கம் ஏற்கெனவே இங்கே இருந்தது. இறந்தவரின் குணங்களைச் சொல்லி, அவர் இல்லாமல் தான் படப்போகிற பாட்டைச் சொல்லி, கடவுளிடமே ஏன் என்று கேட்கிற வழக்கம் அது. வியாகுலப் புலம்பல்கள் அந்தக் குரலை அப்படியே எடுத்துக்கொண்டன. பெரியம்மா பாடும் பாட்டில் மாதா தன் மகனின் முகத்தையும் கையையும் காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் பேசுவார். உடலைக் கண்ட தாய் செய்வது அதுதான். எங்களில் பலருக்கு அந்த உடலே கிடைக்கவில்லை.

எல்லாச் சபைக்கும் ஒரே பாட்டு இல்லை

இதைப் படிப்பவர்களில் கத்தோலிக்கர் அல்லாதோரும் இருப்பீர்கள். தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன் கோயில்களில் சுருவமோ ஆசந்தியோ இராது. அங்கே பாட்டுத்தான் பெரிய சொத்து. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) கர்நாடக இராகங்களில் இயற்றிய கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பாக்குநீரிணையைக் கடந்து யாழ்ப்பாணத்துக்கும் வந்தன. 1816இல் இங்கே வந்த அமெரிக்க மிஷனரிகள் மேற்கத்தேய ஞானப்பாட்டுகளைக் கொண்டுவந்தார்கள். இரண்டும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்துப் பாடப்படுவதை இன்றும் கேட்கலாம். ஒன்றுக்கு ஓர்கன், மற்றதற்கு வயலினும் மிருதங்கமும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் 1960கள் வரை திருப்பலி இலத்தீனில் நடந்தது. குருவானவர் பீடத்தைப் பார்த்தபடி இலத்தீனில் செபிப்பார். சனம் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும். 1963 டிசம்பர் 4ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு இதை மாற்றியது. தாய்மொழிக்கு இடம் கொடுத்ததோடு, ஒவ்வொரு மக்களின் சொந்த இசை மரபையும் மதிக்க வேண்டும் என்றும் அது சொன்னது. வழிபாட்டில் மக்கள் உணர்ந்து, முழுமையாக, செயலூக்கத்தோடு பங்கெடுக்க வேண்டும் என்பதே அதன் மையம். வேடிக்கை பார்க்கிற சனத்தைச் செபிக்கிற சனமாக்குவது என்று நான் அதை விளங்கிக்கொள்கிறேன்.

ஆனால் திருப்பலிக்கு வெளியே, வீதியிலும் முற்றத்திலும் கூத்துக் களரியிலும் எங்கள் சனம் அதற்கு நெடுங்காலம் முன்பே தமிழில்தான் செபித்துக்கொண்டிருந்தது.

உடலால் செபிப்பது

யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் தென்மோடிக் கூத்து மிகப் பெரிய விஷயம். மன்னாரில் நாடகம், வாசாப்பு என்று வேறு வடிவங்கள் உண்டு. புனிதர்களின் வரலாறும் வேதாகமக் கதைகளும் அவற்றின் கருப்பொருள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘என்றீக்கு எம்பரதோர்’, ‘மூவிராசர்’, ‘ஞானசவுந்தரி’ ஆகிய மன்னார் நாடகங்களைப் பதிப்பித்திருக்காவிட்டால், அவை ஏட்டுச் சுவடிகளோடு கரையானுக்குப் போயிருக்கும்.

பல ஊர்களில் கூத்து நேர்த்திக்காக ஆடப்படுவது. கடலில் தப்பி வந்தவர், நோய் மாறியவர், பிள்ளை பிறந்தவர், “இந்த வருசம் அந்தோனியார் கூத்தில ஆடுறன்” என்று நேர்ந்துகொள்வார். பகல் முழுக்கக் கடலில் நின்றுவிட்டு இரவில் மாதக்கணக்காகப் பழகுவார்கள். அரங்கேறுமுன் அண்ணாவியார் காலில் விழுவார்கள், சுருவத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்பார்கள். விடிய விடிய ஆடி முடித்து, வேஷம் கலைத்து, முகத்தில் அரிதாரம் மிச்சம் இருக்கவே காலைப் பூசைக்கு வந்து நிற்கிறவர்களை நான் சின்ன வயதில் கண்டிருக்கிறேன்.

தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ், பாஸ்கு என்ற காட்சிகள் வேறு. மன்னார் பேசாலையில் நடக்கும் உடக்குப் பாஸில் ஆட்களுக்குப் பதிலாக உருவங்களை ஆட்டுவிப்பார்கள். உடக்கு என்பது அந்தப் பாவையைக் குறிக்கிற சொல். இயேசுவின் வேடத்தைப் பாவமுள்ள மனிதன் போடலாமா என்று தயங்கிய ஒரு காலத்து மனநிலை இதற்குள் இருப்பதாக மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிற்காலத்தில் ஆட்களே நடித்தார்கள். மரிய சேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் பாடுகளின் காட்சியை யாழ்ப்பாணத்தின் பெரிய அரங்க நிகழ்வாக வளர்த்தது. கிறிஸ்தவர்களோடு சைவக் கலைஞர்களும் அதில் நடித்தார்கள், பாடினார்கள், மேடை கட்டினார்கள்.

மின்சாரம் இல்லாத 90களில் சிலுவையைச் சுமந்து விழுகிற ஒரு மனிதனையும், சவுக்கோடு நிற்கிற படைவீரர்களையும், ஓரமாக நின்று அழுகிற பெண்களையும் பார்த்த சனத்துக்கு அது இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின எருசலேமாக மட்டும் தெரிந்திருக்காது. சுற்றிவளைப்பும் தலையாட்டியும் சோதனைச் சாவடியும் தெரிந்த சனம் அது. பிலாத்து கைகழுவுகிற காட்சியை எங்கள் ஆட்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. வெளிப்படையாகச் சொல்ல முடியாததை வேதாகமத்தின் சொற்களில் வைத்துச் சொல்ல முடிந்தது.

நடனம் இன்னும் சிக்கலானது. காணிக்கைப் பவனியில் பிள்ளைகள் பரதநாட்டிய உடையில் ஆடி வரும்போது, “கோயிலுக்குள்ள ஆட்டமோ?” என்று முகம் சுழிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சைவ நண்பர் ஒருவர் வேறு பக்கத்திலிருந்து கேட்டார்: “எங்கட நடராசர் ஆடினதை எடுத்து உங்கட ஆளுக்கு ஆடுறது சரியோ?” இரண்டு கேள்விகளும் நியாயமானவை.

இந்தியாவில் பிரான்சிஸ் பார்போசா என்ற கத்தோலிக்கக் குரு பரதத்தை முறையாகக் கற்று, கிறிஸ்தவக் கருப்பொருள்களுக்கெனப் புதிய கை முத்திரைகளை உருவாக்கினார். திருச்சியில் 1977இல் தொடங்கப்பட்ட கலைக் காவிரி இந்தக் கலைகளைக் கற்பிக்கும் கத்தோலிக்க நிறுவனமாக வளர்ந்தது. அவர்களின் வழி, கலையை அதன் இலக்கணத்தோடு மதித்துக் கற்பது. ஒரு மரபை மதித்து வருடக்கணக்காகக் கற்றவர் அதில் செபிப்பது ஒன்று. திருவிழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது யூடியூப் பார்த்து நாலு அசைவு பழகி, வாடகை உடுப்போடு வருவது இன்னொன்று. அந்தச் சைவ நண்பரின் கேள்விக்கு இரண்டாவதிடம் பதில் இல்லை.

நான் கண்ட ஒரு காணிக்கை நடனம் இன்னும் நினைவில் நிற்கிறது. கரையோரப் பங்கு ஒன்றில் ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் ஆடி வந்தார்கள். அப்பத்தோடும் இரசத்தோடும் ஒரு பிள்ளை வலைத் துண்டு ஒன்றையும் ஏந்தி வந்து பீடத்தின் முன் விரித்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பனின் வலை அது என்று பிறகு சொன்னார்கள். நடனத்தில் பிழை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. குருவானவர் அந்த வலையைக் குனிந்து எடுத்துப் பீடத்தில் வைத்தார்.

சுருவமும் அகதியானது

வெளியாருக்கு எங்கள் சுருவ பக்தி விநோதமாகத் தெரியலாம். பூவும் பட்டும் சாத்துகிறோம், சப்பரத்தில் ஏற்றுகிறோம், தவக்காலத்தில் ஊதாத் துணியால் மூடுகிறோம். மூடுவதும் ஒரு கலைதான். தினமும் கண்ட முகத்தைச் சில நாட்கள் காணாமல் இருந்து, உயிர்ப்புத் திருவிழிப்பில் திரை விலகும்போது காண்கிற அனுபவம் எந்தப் பிரசங்கத்தையும் விடப் பெரியது.

ஆனால் ஒரு சுருவம் உண்மையில் யாருடையது என்பதை மடு மாதாவின் கதை சொல்கிறது. 1670இல் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பி மாந்தையிலிருந்து காட்டுக்குள் போன குடும்பங்கள் கையோடு கொண்டுபோன சுருவம் அது. 1999 நவம்பரில் மடுக் கோயில் வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் ஷெல் விழுந்து பலர் கொல்லப்பட்டார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருக்கள் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். 338 வருடங்களுக்குப் பிறகு அதே மாதா மீண்டும் இடம்பெயர்ந்தார். “மாதாவே வெளிக்கிட்டிட்டா, இனி நாங்கள் என்ன செய்யிறது?” என்று அன்று அழுத சனத்தைப் பற்றிப் பெரியம்மா சொல்வார். தங்களைப் போலவே வீடு விட்டு ஓடிய தாய் என்பதால் அவர் இன்னும் நெருங்கிவிட்டார் என்றும் சொல்வார்.

எங்கள் கோயில்களில் காயம்பட்ட சுவர்களும் உண்டு. 1993 நவம்பரில் குருநகர் யாகப்பர் ஆலயம், 1995 ஜூலை 9இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட நவாலி பேதுருவானவர் ஆலயம், 2006 ஜூனில் தஞ்சமடைந்த மக்கள் தாக்கப்பட்ட பேசாலை வெற்றி அன்னை ஆலயம். திருத்திக் கட்டும்போது எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடுவதா, எதையாவது நினைவுக்கு விட்டுவைப்பதா என்பது வர்ணத்தின் விலையைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்க முடியாது.

2017 மே மாதம் முள்ளிவாய்க்கால் கிழக்கு சின்னப்பர் ஆலயத்தின் அருகே, இறந்தவர்களின் பெயர் பொறித்த கற்களை வைத்து நினைவுகூர ஏற்பாடாகியிருந்தது. பொலிஸார் நீதிமன்றம் போய்த் தடை கேட்டார்கள். கல்லில் ஒரு பெயரைச் செதுக்குவது மிகச் சாதாரண கலை. கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர் தினமும் செய்வது. அதற்கு அரசு பயப்பட்டது என்றால், வழிபாட்டில் கலை வெறும் அலங்காரம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஒலிப்பதிவு வந்த வருடம்

இனி எங்கள் ஊரில் நடந்த ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் தவக்காலத்தில், பெரியம்மாவின் புலம்பலுக்குப் பதிலாக இந்தியாவிலிருந்து வந்த ஓர் ஒலிப்பதிவைப் போட்டு, திரையில் படமும் காட்டலாம் என்று இளைஞர்கள் கேட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற ஊரவர்கள் புதிய ஸ்பீக்கர்களுக்கும் புரொஜெக்டருக்கும் காசு அனுப்பியிருந்தார்கள். “அந்தப் பாட்டு நீளம். எங்கட வயசுப் பிள்ளையளுக்கு ஒரு சொல்லும் விளங்கேல்ல” என்றான் ஒரு தம்பி.

பெரியவர்கள் கோபப்பட்டார்கள். எனக்கும் கோபம்தான். ஆனால் பிறகு யோசித்தால் அவன் சொன்னதில் உண்மை இருந்தது. விளங்காத பாட்டை மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு வகை வேடிக்கை பார்த்தல்தான். பழசு என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. எங்கள் ஊரிலேயே கூத்து நேர்த்தியாக இருந்த இடத்தில், எந்தக் குடும்பம் பெரிய வேஷம் எடுப்பது, யாருடைய சப்பரம் உயரம் என்கிற போட்டிகளும் இருந்திருக்கின்றன. சாதி பார்த்து வேஷம் கொடுத்த காலமும் இருந்தது. பழைய வடிவங்களைப் புகழும்போது அதை மறைப்பது நேர்மையாகாது.

புதிய வடிவம் என்பதாலேயே ஒன்று வெறும் காட்சியாகிவிடவும் மாட்டாது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பல சிறுவர்கள் உட்படச் சனம் கொல்லப்பட்டது. அத்தகைய சபைகளில் கிற்றாரோடும் டிரம்ஸோடும் கைதட்டித்தான் ஆராதிப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் பாட்டை விட எங்கள் கூத்து ஆழமானது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? என் பதில் எளிமையானது. பாட்டு நின்றால் யாருடைய செபம் நின்றுபோகும் என்று கேட்டுப் பாருங்கள். அந்த வருடம் ஒலிப்பதிவைப் போட்டார்கள். குரல் அருமை, வாத்தியங்கள் அருமை, படமும் தெளிவு. பலர் தொலைபேசியில் பிடித்தார்கள். முடிந்ததும் சனம் எழும்பிப் போய்விட்டது. பெரியம்மா தன் இடத்தில் முழங்காலில் இருந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஒலிப்பதிவில் பாடிய அம்மாவுக்கு நல்ல குரல். ஆனால் அவருடைய பிள்ளையை எங்களுக்குத் தெரியாது. பெரியம்மாவின் பிள்ளையை அந்தக் கோயிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பாட்டு செய்யாதது

கலைக்கு இல்லாத சக்தியைக் கொடுத்து எழுத நான் விரும்பவில்லை. போருக்குப் பிறகு ஆற்றுப்படுத்தல் என்ற பெயரில் எங்களிடம் நிறையப் பேர் வந்து போய்விட்டார்கள். பாடுங்கள், ஆடுங்கள், வரையுங்கள், மனம் ஆறும் என்றார்கள். மனம் ஆறினால் கேள்வி கேட்கமாட்டார்கள் என்ற எண்ணம் சிலரிடம் இருந்ததோ என்று சந்தேகப்பட்டிருக்கிறேன். ஒரு புலம்பல் பாட்டால் ஒரு மகன் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வராது. அதைப் பதில்போலக் காட்டுவது அந்தத் தாய்க்குச் செய்யும் துரோகம்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது பெரியம்மாவும் பஸ் ஏறிப் போனார். பிறகும் பல தடவை மகனின் படத்தோடு வீதியில் இருந்தார். அங்கேயும் கோயிலிலும் அழுகிறீர்களே, என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

“அங்க கேக்கிறது அரசாங்கத்திட்ட. இங்க கேக்கிறது ஆண்டவரிட்ட. ரெண்டு பேரும் இன்னும் ஒண்டும் சொல்லேல்ல. ஆனா ஆண்டவர் தன்ர பிள்ளையையும் குடுத்தவர். அதால அவரோட கொஞ்சம் கோபிக்கலாம்.”

2009ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி ஏப்ரல் 10ஆம் திகதி வந்தது. கோயில்கள் பூட்டியிருந்த 2020இலும் அதே திகதிதான். 2009இல் பெரியம்மா மாத்தளன் பக்கத்தில் பங்கருக்குள் இருந்தார். அன்றைக்கும் புலம்பல் பாடவில்லை, செபமாலை மட்டும் சொன்னோம் என்றார். பக்கத்தில் மகன் இருந்திருக்கிறான். “பாடம்மா எண்டு கேட்டவன். ஷெல் சத்தத்துக்க என்னெண்டு பாடுறது எண்டு பேசிப்போட்டன்” என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

ஒலிப்பதிவு போட்ட அடுத்த வருடம், விளங்கவில்லை என்று சொன்ன அந்தத் தம்பியே பெரியம்மாவின் வீட்டுக்கு வந்தான். மன்னிப்புக் கேட்க வரவில்லை. சொற்களுக்குப் பொருள் கேட்க ஒரு கொப்பியோடு வந்தான். ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தார். புரொஜெக்டரை வைத்துக்கொண்டார்கள், இப்போது அதில் பாட்டின் வரிகள் ஓடுகின்றன. புலம்பலின் நீளத்தைக் குறைக்கப் பெரியம்மா சம்மதித்தார், கொஞ்சம் முறைத்துவிட்டுத்தான். இரண்டு பெண்பிள்ளைகள் அவரிடம் பழகுகிறார்கள்.

போன தவக்காலத்தில் நான் போயிருந்தபோது திண்ணையில் பழக்கம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் இருவரும் இராகத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள். பெரியம்மா திருத்தியது ஒன்றை மட்டும்தான்.

“அந்த இடத்தில மூச்செடுக்காத பிள்ளை. அதில தாய் பிள்ளையின்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுறா. கூப்பிட்டு முடிச்சிட்டு மூச்செடு.”